வீட்டுத் தரகரும் சட்டமும்

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து குடியேறிய நம்மவர், மும்பையிலாயினும் தில்லியிலாயினும் பெங்களூரிலாயினும், முதன்முதலில் நெருங்கிப் பழக நேரும் வெளி மனிதர் பெரும்பாலும் வீட்டுத் தரகராகவே இருப்பார். சொந்த ஊரில் வீடு வேண்டுமென்றால் மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோயில் வாசலில் நாலு பேர் காதில் போட்டு வைத்தால் பதினைந்து நாளில் வீடு வந்து சேரும். இங்கே அந்த வசதி ஏது? தலால் என்றும், புரோக்கர் என்றும், எஸ்டேட் ஏஜென்ட் என்றும், தில்லிப் பக்கத்தில் பிராப்பர்ட்டி டீலர் என்றும் பலவாறு அழைக்கப்படும் அன்னாரின் இடுப்பில்தான் சாவிக் கொத்து தொங்குகிறது.

இவரைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சுத்தான் காதில் விழுகிறது. ஒன்று, "அவனா, பெரிய மோசக்காரன்" என்பது. மற்றொன்று, "தங்கமான மனிதர், நம் பாஷை பேசுகிறார்" என்பது. இவ்விரண்டுக்கும் நடுவே, தரகர் என்பவர் சட்டப்படி யார், அவர் நமக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர், அவருக்கு நாம் என்ன கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று கேட்போர் மிகச் சிலரே. நாம் வழக்கறிஞர் அல்லோம்; மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரெயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். ஆயினும் விதிப் புத்தகத்தைப் புரட்டி, எந்தப் பிரிவு எங்கே பொருந்தும் என்று தேடுவதே நமக்கு அன்றாட அலுவலாதலால், இந்த விஷயத்தையும் அவ்வாறே தேடிப் பார்த்து அன்பர்களுக்குச் சொல்ல முற்பட்டோம்.

தரகு பற்றிய மூலச் சட்டம் இன்று நேற்று வந்ததன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாவது அத்தியாயம் முழுவதும் ஏஜென்டுகளைப் பற்றியதே. ஒருவருக்காகக் காரியம் செய்யவோ, மூன்றாமவரிடம் அவர் சார்பில் பேசவோ அமர்த்தப்பட்டவர் ஏஜென்ட் என்று 182ஆம் பிரிவு கூறுகிறது. அமர்த்தியவர் எஜமானர். எஜமானரின் சொற்படி நடத்தல், தொழிலுக்குரிய திறமையும் கவனமும் காட்டுதல், கேட்டபோது கணக்குக் கொடுத்தல், எஜமானரின் பொருட்டு வாங்கிய பணத்தை அவரிடமே சேர்த்தல் என்பன 211 முதல் 218 வரையுள்ள பிரிவுகளில் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்தது 216ஆம் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணம். இன்ன வீட்டை எனக்கு வாங்கிக் கொடு என்று ஒருவர் ஏஜென்டிடம் சொல்கிறார். ஏஜென்ட், அது விலைக்கு வராது என்று சொல்லிவிட்டுத் தாமே அதை வாங்கிக் கொள்கிறார். உண்மை தெரிய வந்தால், ஏஜென்ட் கொடுத்த அதே விலைக்கு அந்த வீட்டைத் தமக்கு விற்கும்படி எஜமானர் அவரைக் கட்டாயப்படுத்தலாம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்தவர்கள் தரகர்களின் குணத்தை நன்கு அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது முதலில் தெளிய வேண்டிய கேள்வி, "இவர் யாருடைய தரகர்?" என்பது. நம்மோடு மாடியேறி இறங்கி, நமக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சி, உங்களுக்காகத்தான் விலையைக் குறைத்துப் பேசினேன்" என்று சொல்வதனால் மட்டும் அவர் நம்முடைய ஏஜென்ட் ஆகிவிடமாட்டார். அவர் கட்டடக்காரரிடமிருந்து கமிஷன் பெறுபவராக இருக்கலாம். இரு தரப்பிலும் தரகு வாங்கும் வழக்கமும் இந்நகரங்களில் உண்டு. இரு தரப்பும் அறிந்து சம்மதித்திருந்தால் அதில் குற்றமில்லை. ஒரு தரப்பிடம் மறைத்து மறு தரப்பில் லாபம் பெறுவதுதான் ஏஜென்டுக்கு அடாத செயல். எஜமானருக்குத் தெரியாமல் அவ்வாறு பெற்ற லாபத்தை எஜமானர் கேட்டுப் பெறலாம். அவ்வாறு முறைகேடாக நடத்திய காரியத்துக்குக் கூலி கேட்க அவருக்கு உரிமையில்லை என்று 220ஆம் பிரிவு சொல்கிறது.

இனி, புதிய சட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, முக்கியமான பிரிவுகள் 2017 மே 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த மனை வணிக ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சிச் சட்டத்தை எல்லாரும் ரேரா என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். தரகர் என்பவருக்கு இச்சட்டம் தரும் வரையறை விரிந்தது. வாங்குவோரையும் விற்போரையும் எந்தச் சாதனத்தின் மூலமாகவேனும் அறிமுகம் செய்து வைத்துக் கூலி பெறுபவர் எவராயினும், தம்மை எந்தப் பெயரால் அழைத்துக் கொண்டாலும், அவர் ஏஜென்ட்தான். பகுதி நேரமாக இதைச் செய்யும் மளிகைக் கடைக்காரரும் நம் அலுவலக நண்பரும்கூட இதில் அடங்குவர்.

கட்டடக்காரர் பதிவு செய்த திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக் கொடுக்க வேண்டுமாயின் தரகரும் ரேரா ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 9ஆம் பிரிவு. தாம் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிடவும் வேண்டும். மகாராஷ்டிரத்தில் தரகருடைய எண் ஏ என்னும் ஆங்கில எழுத்திலும், கட்டடத் திட்டத்தின் எண் பி என்னும் எழுத்திலும் தொடங்கும். இரண்டும் வேறு வேறு. "ரேரா நம்பர் இருக்கிறது" என்று தரகர் தம் முகவரி அட்டையைக் காட்டும்போது, அது அவருடைய எண்ணா, கட்டடத்தினுடையதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். தரகர் பதிவு பெற்றவர் என்பதால் கட்டடம் பதிவு பெற்றதாகிவிடாது. மகாராஷ்டிர ஆணையம் இதற்கு மேலும் சென்று, தரகர்கள் பயிற்சி பெற்றுப் பரீட்சை எழுதித் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2023ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. ரெயில்வேயில் பதவி உயர்வுக்குப் பரீட்சை எழுதி எழுதி அலுத்த நமக்கு, தரகரும் பரீட்சை எழுதுகிறார் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

பத்தாவது பிரிவுதான் தரகரின் கடமைகளைச் சொல்வது. பதிவு செய்ய வேண்டியிருந்தும் பதிவு செய்யப்படாத திட்டத்தில் அவர் விற்பனைக்குத் துணை போகக்கூடாது. கணக்குப் புத்தகங்களையும் தஸ்தாவேஜுகளையும் பாதுகாத்து வைக்க வேண்டும். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்வது, வசதிகளின் தரத்தைப் பற்றிப் பொய் உரைப்பது, கொடுக்கும் எண்ணமில்லாத வசதியை விளம்பரத்தில் போட இடம் கொடுப்பது ஆகியவை நேர்மையற்ற வணிகமாகும். எல்லாவற்றிலும் நமக்கு மிகவும் உபயோகமானது இதுதான்: முன்பதிவு செய்யும்போது, வாங்குவோர் பெறுவதற்கு உரிமையுள்ள எல்லாத் தகவல்களும் எல்லாப் பத்திரங்களும் அவர் கைக்குக் கிடைக்கும்படி தரகர் செய்ய வேண்டும். "அதெல்லாம் அப்புறம் தருகிறேன், முதலில் டோக்கன் போடுங்கள்" என்பது இக்கடமைக்கு நேர் விரோதம். தாய்ப் பத்திரம், வரைபட அனுமதி, கட்டடம் தொடங்க அனுமதிக்கும் சான்று முதலியவற்றைக் கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

மகாராஷ்டிரத்தில் 'சாத்பாரா' என்னும் நில ஏடும், 'இண்டெக்ஸ் டூ' என்னும் பதிவுச் சுருக்கமும் மராத்தியில் இருக்கும். தரகர் அதைப் படித்துக் காட்டுவார், நாமும் தலையாட்டுவோம். படித்துக் காட்டுபவரே விற்பவரின் கூலியாளாக இருக்கும்போது அந்தப் படிப்பில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்? பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கும் நம் பிள்ளைகளே அதை நன்றாகப் படிப்பார்கள். ஏட்டில் யார் பெயர் இருக்கிறது, அடமானம் ஏதும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அவர்களைக் கொண்டு பார்த்து, பின்பு வக்கீலிடம் காட்டினால் செலவும் அதிகமில்லை.

பதிவு எண் இருந்துவிட்டால் கவலையில்லை என்றும் எண்ணிவிடலாகாது. நம்மவர் மிகுதியாக வாழும் கல்யாண் டோம்பிவிலி வட்டாரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே 65 கட்டடங்கள் மாநகராட்சியின் அனுமதிப் பத்திரங்களைப் போலியாகத் தயாரித்து, அவற்றைக் காட்டி ரேரா எண்ணும் பெற்றிருந்தன என்பது 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றை இடிக்கும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வங்கிக் கடனும் சேமிப்பும் போட்டுக் குடியேறியிருந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! அதனால், ரேரா இணையப் பக்கத்தில் காணும் அனுமதி எண்ணை எழுதிக் கொண்டு, மாநகராட்சியின் நகரமைப்பு அலுவலகத்தில் நேரே சென்று, "இந்த எண்ணில் அனுமதி கொடுத்தது உண்டா?" என்று விசாரிப்பது நலம். அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். போடலாம்.

இன்னும் இரண்டு விஷயங்கள். மொத்த நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ உள்ள சிறு திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆகையால் சிறு கட்டடங்களில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். விஸ்தீரணம் பேசும்போது 'சூப்பர் பில்டப்' என்று தரகர் சொல்லும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, உள் சுவர்களுக்குள் நாம் உண்மையில் புழங்கும் 'கார்ப்பெட்' பரப்பளவையே கேட்க வேண்டும். ரேரா அந்த அளவைத்தான் ஏற்கிறது.

டோக்கன் பணத்துக்கு வருவோம். தில்லியில் பயானா என்பார்கள். பெரும்பாலான கண்ணீர் இங்கேதான் தொடங்குகிறது. நம்மோடு பணி புரிந்து ஓய்வு பெறவிருந்த பெரியவர் ஒருவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்குகிறதே என்ற பதற்றத்தில், ஒரு தரகரிடம் இரண்டு லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தார். ரசீதாகக் கிடைத்தது ஒரு துண்டுக் காகிதம். யார் சார்பில் வாங்கியது, எந்த வீட்டுக்கு, பேரம் முறிந்தால் திரும்புமா என்ற எதுவும் அதில் இல்லை. கட்டடக்காரரோ, "எங்களுக்கு ஒரு காசும் வரவில்லை, அவர் எங்கள் ஆளே அல்லர்" என்று சொல்லிவிட்டார். தரகரின் கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணம் அது. பெரியவரின் மனைவி அதைப் பற்றி இன்றும் வாய் திறப்பதில்லை.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? தரகர் கட்டடக்காரரின் அதிகாரம் பெற்ற ஏஜென்டாக இருந்து வாங்கினால், அவரிடம் கொடுத்தது கட்டடக்காரரிடம் கொடுத்ததற்குச் சமம். நம்முடைய ஏஜென்டாக இருந்து வாங்கினால், அவர் நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இரண்டில் எது என்பதை ரசீதுதான் நிரூபிக்கும். ஆகவே டோக்கனைக் கூடியவரை விற்பவர் பெயருக்கே காசோலையாகவோ வங்கி மூலமாகவோ செலுத்துவதும், ரசீதில் விற்பவரே கையெழுத்திடுவதும் முறை. பதிவுத் திட்டங்களில், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டடக்காரர் வாங்கக் கூடாது என்பது ரேராவின் 13ஆம் பிரிவு. தரகர் பணத்தைக் கையாடினால், அது வெறும் கடன் தகராறு என்று போலீஸார் தட்டிக் கழிக்க முயல்வார்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(5) பிரிவு, தொழில் முறையில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை மோசம் செய்யும் புரோக்கரையும் ஏஜென்டையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, பத்தாண்டு வரையோ ஆயுள் முழுமையுமோ சிறை விதிக்க இடம் தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 409ஆம் பிரிவு. புகார் எழுதும்போது இந்த எண் கையில் இருப்பது நல்லது.

வாடகை வீட்டுத் தரகருக்கும், பழைய ஃபிளாட்டை ஒருவர் மற்றொருவருக்கு விற்பதில் இடை நிற்பவருக்கும் ரேராவின் பதிவு விதி பொதுவாகப் பொருந்தாது. அங்கே 1872ஆம் ஆண்டுச் சட்டமே துணை. ஹரியானாவில் பிராப்பர்ட்டி டீலர்கள் லைசென்ஸ் பெற வேண்டும் என்று 2008ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. குருகிராம், ஃபரீதாபாத் அன்பர்கள் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம்.

வாடகைத் தரகர்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம், "பதினொரு மாதம்தானே, பதிவு வேண்டாம்" என்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதிலிருந்து பிறந்த வழக்கம் இது. பல மாநிலங்களில் அது செல்லும். மகாராஷ்டிரத்தில் செல்லாது. 1999ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, 'லீவ் அண்டு லைசென்ஸ்' எத்தனை மாதமாயினும் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிடில் நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கப்படாதவரை, எடுபடும். வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். டெபாசிட் தொகை அந்தப் பதிவுப் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "மீன் சமைப்பீர்களா, எந்த ஜாதி, எத்தனை பேர் ஊரிலிருந்து வருவார்கள்" என்று தரகர் நடத்தும் விசாரணைக்கு மட்டும் நாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் விடை காணவில்லை.

தில்லி அன்பர்களுக்கு ஒரு சொல். 'பவர் ஆப் அட்டர்னி', விற்பனை உடன்படிக்கை, உயில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, "இதுதான் இங்கே கிரயப் பத்திரம்" என்று தரகர்கள் பல்லாண்டு காலம் வீடுகளை விற்று வந்தார்கள். இவ்வகைப் பத்திரங்களால் சொத்துரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் அவ்வாறு வாங்கியவர்களுக்கு உரிமை அளிக்க 2019இல் தில்லிக்கென்று தனிச் சட்டம் செய்யப்பட்டது. அது அந்தக் குடியிருப்புகளுக்கு மாத்திரமே. கொல்கத்தாவில் வங்க அரசின் தனிச் சட்டத்தை 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபின் மத்தியச் சட்டமான ரேராவே செல்லும். ஓய்வுக் காலத்துக்கென்று திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ மனை வாங்குவோர்க்கும் இதே சட்டந்தான். தமிழ்நாட்டு ஆணையத்தின் எண்ணைக் கேட்க வேண்டும்.

தரகர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நடுநிலை ஆகாது. தரகு எவ்வளவு என்று ரேரா எதுவும் நிர்ணயிக்கவில்லை. பேசிக் கொண்டதே கணக்கு. அவர் காட்டிய வீட்டை, அவரை விலக்கிவிட்டு நேரே போய் முடித்துக் கொள்ளும் சாமர்த்தியம் நம்மவரிடையிலும் உண்டு. கொல்கத்தாவில் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்க வேண்டிய ஒரு வீட்டுக்குத் தரகர் ஆள் கொண்டுவந்தபின், உரிமையாளர் அவருக்குக் கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்துவிட்டுத் தாமே அந்தத் தரப்பினருக்கு விற்ற வழக்கில், தரகருக்குக் கமிஷன் கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1950ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் செய்தது. தரகு எவ்வளவு, எப்போது, யார் கொடுப்பது என்பதை முதல் நாளே நாலு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

தரகர் மேல் முறையீடு செய்ய வேண்டிய நிலை வந்தால், ரேராவின் 31ஆம் பிரிவின்படி ஆணையத்துக்கு மனுச் செய்யலாம். மகாராஷ்டிரத்தில் கட்டணம் 5,000 ரூபாய். இணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகவும் சட்டம் இடம் தருகிறது. 9ஆம், 10ஆம் பிரிவுகளை மீறிய தரகருக்கு 62ஆம் பிரிவு நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், அவர் விற்றுக் கொடுத்த சொத்தின் விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம் விதிக்கிறது. இந்த அபராதம் அரசாங்கக் கணக்கில் சேர்வது. நாம் கொடுத்த பணம் திரும்ப வேண்டுமாயின் அதை மனுவில் தனியே, தொகை குறித்து, கேட்க வேண்டும். ரசீதின் நகலையும் வங்கிக் கணக்கின் பக்கத்தையும் அத்துடன் இணைக்க வேண்டும்.